கைவண்ணம் உள்ள, ஆனால் ஒரு நாள் ஆடி ஒரு நாள் காணாமல் போகும் ஹொக்கி வீரரை மதிப்பிடுவது எப்படி?

பாடசாலை ஹொக்கி அணியொன்றைப் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கோ பயிற்றுநருக்கோ முதல் தவணையிலேயே ஒரு சிக்கல் வந்து சேரும். அணியிலேயே கைவண்ணம் கூடிய வீரர் ஒருவர் இருப்பார். ஒரு போட்டியில் மூன்று பேரைத் தாண்டிப் போய்க் கோல் அடிப்பார். அடுத்த போட்டியில் அவர் மைதானத்தில் இருந்ததே தெரியாது. "கெப்டனாகப் போடுங்கள், பொறுப்பு வந்தால் சரியாகிவிடுவான்" என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். "ஓடவே மாட்டான் சேர்" என்று கூட ஆடும் பிள்ளைகள் சொல்வார்கள். இரு தரப்பும் நினைவிலிருந்துதான் பேசுகிறது. நினைவில் நிற்பது கோலும் பெரிய தவறும் மட்டுமே. உழைப்பு அப்படி நிற்பதில்லை, அதை எழுதி வைத்தால்தான் பிடிபடும்.

15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு, மொத்தம் 60 நிமிடம். இதில் ஒரு வீரரின் ஸ்டிக்கில் பந்து இருப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் தெரிவது திறமை. உழைப்பைப் பார்க்க வேண்டிய இடம் பந்து பறிபோன அடுத்த ஐந்து விநாடி. தலைமையைப் பார்க்க வேண்டிய இடம் அவருக்குப் பக்கத்தில் ஆடுபவரின் ஆட்டம். கீழே வரும் எல்லாம் இந்த இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றியதுதான்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுங்கள்

'உழைப்புப் போதாது' என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் வேலை என்னவென்றே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போட்டிக்கு முதல் நாள் அந்த வீரருக்கு மூன்று வேலைகளை எழுதிக் கொடுங்கள். உதாரணமாக இடது இன்னராக (முன்வரிசையில் நடுவுக்கு இடப்பக்கமாக) ஆடுபவருக்கு: எதிரணி தன் கோல் பக்கத்திலிருந்து ஃப்ரீ ஹிட் (நம் தவறுக்காக அவர்களுக்குக் கிடைக்கும் அடி) எடுக்கும்போது நடுப் பக்கப் பாதையை மறிப்பது, பந்தை இழந்தால் முதலில் உள்பக்கமாகத் திரும்பி ஓடுவது, எதிரணிக்குப் பெனால்டி கோர்னர் (பெரும்பாலும் நம் வட்டத்துக்குள், அதாவது கோலுக்கு முன்னுள்ள அரைவட்டத்துக்குள், நாம் செய்த தவறுக்காகக் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் தாக்குதல்) கிடைத்தால் நடுக்கோட்டிலிருந்து பாய்ந்து வருவது.

மூன்றாவது வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உழைப்பை அளப்பதற்கு இதைவிடத் தெளிவான தருணம் ஹொக்கியில் இல்லை. பெனால்டி கோர்னரில் கோல்கீப்பரோடு சேர்த்து அதிகபட்சம் 5 பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்ற 6 பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். பந்து தள்ளப்பட்டதும் அவர்கள் ஓடி வரலாம். மைதானத்தின் நீளம் 91.4 மீற்றர், வட்டத்தின் ஆரை 14.63 மீற்றர். ஆகவே நடுக்கோட்டிலிருந்து வட்டத்தின் உச்சிக்கு நேர் தூரம் சுமார் 31 மீற்றர். முதல் அடி கோலாகாமல் கோல்கீப்பரின் காலில் பட்டுத் திரும்பினால் அந்த 31 மீற்றரை ஓடி வந்தவருக்குப் பந்து கிடைக்கும். இடுப்பில் கை வைத்து நின்றவருக்கு எதுவும் கிடைக்காது. நல்ல கைக்காரர்கள் பலர் இந்த இடத்தைத்தான் ஓய்வு நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தாள் தயாரித்தல்

ஒரு சாதாரணக் கொப்பித் தாள் போதும். ஐந்து பத்திகள் (மேலிருந்து கீழாக நிரல்கள்) போடுங்கள்.

1. நம் அணி பந்தை இழந்ததும் 3 விநாடிக்குள் திரும்பி, குறைந்தது ஐந்து அடி முழு வேகத்தில் வைத்தாரா? பந்து மைதானத்தின் மறுபக்கத்தில் இருந்தாலும் சரியான திசைக்கு நகர்ந்திருந்தால் ஆம்.
2. எதிராளி பந்தோடு 5 மீற்றருக்குள் வரும்போது அவருடைய ஸ்டிக்கின் தலை தரையில் இருந்ததா?
3. நம்மவர் பந்தை வைத்திருக்கும்போது பாஸ் வாங்கக்கூடிய இடத்துக்கு நகர்ந்தாரா? எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "தா, தா" என்று கத்துவது இதில் சேராது.
4. எதிரணிக்கு ஃப்ரீ ஹிட் கிடைத்ததும் 5 மீற்றர் பின்வாங்கினாரா, இல்லை நடுவரோடு பேசிக்கொண்டு நின்றாரா? ஃப்ரீ ஹிட் எடுப்பவர் தனக்குத் தானே தட்டிக்கொண்டு உடனே ஓடலாம் என்பதால் இந்தப் பேச்சு நேரடியாக இடத்தைப் பறிகொடுக்கும்.
5. அந்த 31 மீற்றர்.

கோல், ட்ரிபிள் (பந்தை ஸ்டிக்கோடு ஒட்டி உருட்டிக்கொண்டு ஓடுவது), ஸ்டிக்கைப் புரட்டி அடிக்கும் அழகான ரிவர்ஸ் அடி எதையும் இந்தத் தாளில் எழுதாதீர்கள். அவை ஸ்கோர் புத்தகத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒரு கோல் பத்து 'இல்லை'களை மறைத்துவிடும்.

அந்த வீரரை மட்டும் பார்த்து எண்ணினால் எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை. அதே வரிசையில் ஆடும் வேறு இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கால்பகுதியை ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்து நிமிடமும் ஒருவரை மட்டும் பாருங்கள். அடுத்த கால்பகுதியில் வரிசையை மாற்றுங்கள். அப்படிச் செய்தால் மூவரும் கால்பகுதியின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அகப்படுவார்கள். ஒருவருக்கு ஒரு போட்டியில் 20 நிமிடம் கிடைக்கும். வலயமட்டப் போட்டிகளில் நேரத்தைக் குறைத்து ஆடினால் அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எண்ணுபவர் பயிற்றுநராக இருக்கக் கூடாது. மாற்று வீரர்களை எண்ணச் சொல்வது அதைவிட மோசம். தன் இடத்துக்குப் போட்டியானவனை ஒரு பிள்ளை நேர்மையாக எண்ணினாலும் பிறகு அணிக்குள் அது பகையாக மாறும். இன்னொரு ஆசிரியரையோ பழைய மாணவரையோ கேளுங்கள். இலங்கை மலையக மைதானங்கள் பெரும்பாலும் மலையை வெட்டிச் சமப்படுத்தியவை, ஒரு பக்கம் உயரமான திட்டு இருக்கும். நடுக்கோட்டுக்கு நேராக அந்தத் திட்டில் நின்றால் முழு மைதானமும் தெரியும். கைபேசியில் படம் பிடிப்பதானால் பந்தைத் துரத்தாமல் அரை மைதானமாவது சட்டகத்துக்குள் இருக்கும்படி நிலையாக வையுங்கள். பந்துக்குப் பின்னால் போன வீடியோவில் நாம் தேடும் ஆள் இருக்கவே மாட்டார்.

எத்தனை போட்டி? நான்குக்குக் குறையக் கூடாது. அவற்றில் ஒன்று பலமான அணியோடு, ஒன்று பலவீனமான அணியோடு இருக்கட்டும். பயிற்சிப் போட்டியும் கணக்கில் சேரலாம்.

எண்ணிக்கையை வாசிப்பது

முதல் பத்தியில் நம் வீரருக்கு 20 தருணங்களில் 9 ஆம், மற்ற இருவருக்கும் 13, 14 என்று வைத்துக்கொள்வோம். இது பேச வேண்டிய வித்தியாசம். மூவருமே 9 என்றால் குறை அந்தப் பிள்ளையிடம் இல்லை. அணிக்கே திரும்பி ஓடப் பழக்கவில்லை, அதற்குப் பொறுப்பு பயிற்றுநர்தான். 12க்கும் 13க்கும் இடையிலான வித்தியாசத்தை வைத்து யாரையும் திட்டாதீர்கள்.

மொத்தத்தைவிட, எங்கே விழுகிறது என்பதுதான் கூடுதலாகச் சொல்லும். மூன்றாம், நான்காம் கால்பகுதியில் மட்டும் விழுந்தால் உடல் தகுதியையோ சாப்பாட்டையோ சந்தேகியுங்கள். தன் தவறு ஒன்றுக்குப் பிறகு பத்து நிமிடம் விழுந்தால் அது மனம் சார்ந்தது. அணி இரண்டு கோல் முன்னே போனதும் விழுந்தால் அதைத்தான் சோம்பல் என்று சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட பாடசாலையோடு ஆடும்போது மட்டும் விழுந்தால் அங்கே யார் அவரை மார்க் செய்கிறார்கள் (ஒட்டி நின்று மறிக்கிறார்கள்) என்று பாருங்கள்.

நனைந்த மைதானத்தில் மட்டும் விழுவதும் உண்டு. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், மே தொடக்கம் செப்டெம்பர் வரை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் புல் மைதானங்களில் பந்து உருளாமல் நின்றுவிடும். பதுளைப் பக்கத்துக்கு அதே நிலை வடகீழ்ப் பருவமழையோடு வரும். ட்ரிபிள் செய்து வாழும் வீரருக்கு அந்த நிலத்தில் கை கட்டிப்போட்ட மாதிரி. பந்து நின்றுபோவதை அவருடைய அக்கறையின்மை என்று எழுதிவிடக் கூடாது. உயரமும் அப்படியே. மாத்தளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 360 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். கீழிருந்து காலையில் பஸ்ஸில் ஏறி வந்து அன்றே ஆடும் பிள்ளைக்கு வேகமாக ஓடிய பிறகு மூச்சு திரும்ப வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். ஒரு மைதானத்து எண்ணை இன்னொரு மைதானத்து எண்ணோடு ஒப்பிடாமல் அதே நாளில் ஆடிய மற்ற இருவரோடு மட்டும் ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முடியவில்லையா, செய்யவில்லையா?

இந்தக் கேள்விக்கு விடை காணாமல் யாரையும் சோம்பேறி என்று சொல்லக் கூடாது. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

ஓட்டத்தை அளக்க எளிய வழி இருக்கிறது. 10 நிமிடம் உடலைச் சூடாக்கிய பிறகு 30 மீற்றரை 6 முறை முழு வேகத்தில் ஓட விடுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையது தொடங்கிய 30ஆவது விநாடியில் தொடங்க வேண்டும். ஆறு நேரங்களையும் கூட்டுங்கள். மிக வேகமான ஓட்டத்தை 6ஆல் பெருக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் களைப்பின் அளவு. வேகமான ஓட்டம் 4.8 விநாடி என்றால் 6 மடங்கு 28.8. மொத்தம் 30.6 வந்தால் 1.8 விநாடி கூடுதல், அதாவது 6 சதவீதத்துக்குச் சற்று மேல். முழு அணியையும் ஒரே நாளில் ஓட வைத்து ஒப்பிடுங்கள். அணியில் பலர் 5, 6 சதவீதத்தில் நிற்க இவர் 11இல் நின்றால் அவருக்கு வேண்டியது திட்டு அல்ல, வாரத்துக்கு இரண்டு நாள் குறுகிய ஓட்டப் பயிற்சி. 6 வாரம் கழித்து மறுபடி அளக்கலாம். நிறுத்து கடிகாரத்தைக் கையால் அழுத்தும்போது சிறு பிழை வரும் என்பதால் ஒரு சதவீத வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

இதில் ஒரு தந்திரமும் நடக்கும். சில பிள்ளைகள் முதல் ஓட்டத்தை மெதுவாக ஓடி, ஆறாவதை மிக வேகமாக ஓடுவார்கள், களைப்பு குறைவாகத் தெரியும். இதைத் தடுக்க வேறொரு நாளில் ஒரே ஒரு 30 மீற்றரை ஓட வைத்து அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். சோதனை நாளின் முதல் ஓட்டம் அதைவிட அரை விநாடி மெதுவாக இருந்தால் அந்தச் சோதனையைக் கணக்கில் எடுக்காதீர்கள். சேமித்து ஓடும் பழக்கம் அவருக்கு உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம் நன்றாக இருந்தும் போட்டியில் விழுகிறதா? அடுத்ததாக அன்றைய நாளைக் கேளுங்கள். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை காலை எத்தனை மணிக்கு எழுந்தார், பஸ் ஏற எவ்வளவு தூரம் இறங்கி நடந்தார், கடைசியாக எப்போது சாப்பிட்டார்? காலை 6 மணிக்கு ஒரு ரொட்டியும் தேநீரும் எடுத்துவிட்டுப் பிற்பகல் 2 மணிக்கு ஆடும் பிள்ளை மூன்றாம் கால்பகுதியில் நின்றுபோவதில் வியப்பு எதுவும் இல்லை. போட்டிக்கு 3 மணி நேரத்துக்கு முன் சோறு, அரை மணிக்கு முன் ஒரு வாழைப்பழம் கிடைத்தால் போதும். அதற்குப் பணம் ஒதுக்குவது அணியின் வேலை.

பெண்கள் அணியில் இரும்புச்சத்துக் குறைவைக் கட்டாயம் மனதில் வையுங்கள். சீக்கிரம் மூச்சு வாங்குதல், அடிக்கடி தலைவலி, வெளிறிய உள்ளிமை இவை தெரிந்தால் குடும்பநல உத்தியோகத்தர் மூலமோ அரச வைத்தியசாலையிலோ இரத்தப் பரிசோதனைக்கு வழி செய்யுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கும்படி தாய்மாரிடமும் சொல்லுங்கள்.

ஸ்டிக்கையும் பார்க்க மறக்காதீர்கள். பாடசாலைப் பொதுச் சொத்தான ஸ்டிக்குகளில் பெரியவர்களுக்கான 36.5, 37.5 அங்குல அளவுகளே கூடுதலாக இருக்கும். நேராக நிற்கும்போது ஸ்டிக்கின் மேல் முனை இடுப்பெலும்பளவில் வர வேண்டும். அதைவிட நீளமான ஸ்டிக்கோடு ஆடும் பிள்ளை நிமிர்ந்தே நிற்கும், இரண்டாம் பத்தி முழுக்க 'இல்லை' ஆகும்.

பயிற்சி வருகைப் பதிவும் இப்படித்தான். மாலை 5 மணிக்குப் பிறகு மேலே போக பஸ் இல்லாத பிள்ளை 4.30க்குக் கிளம்புவதை நகரத்தில் வீடு உள்ள பிள்ளையின் வருகையோடு வைத்து 'அர்ப்பணிப்புக் குறைவு' என்று எழுதுவது அநியாயம். இருந்த நேரத்துக்குள் என்ன செய்தார் என்பதை மட்டும் எண்ணுங்கள்.

தலைமையைப் பார்ப்பது

சத்தம் தலைமை அல்ல, அமைதி அதன் இன்மையும் அல்ல. பயிற்சிப் போட்டியொன்றில் கோட்டோரமாக நின்று 15 நிமிடம் அவர் வாயிலிருந்து வருவதை இரண்டாகப் பிரித்து எண்ணுங்கள். "பின்னால ஆள்", "டைம் இருக்கு", "இடப்பக்கம் திருப்பு" இவை தகவல். "என்னடா செய்ற?" என்பது தகவல் அல்ல. கண்டி, மாத்தளை அணிகளில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாக ஆடுவது வழக்கம். தன் மொழிக்காரருக்கு மட்டும் சத்தம் கொடுக்கிறாரா, பக்கத்தில் நிற்பவருக்கு விளங்கும் மொழியில் கொடுக்கிறாரா? அவருடைய பாஸ்கள் யாருக்குப் போகின்றன என்பதையும் பத்து நிமிடம் எழுதிப் பாருங்கள். நல்ல இடத்தில் நிற்கும் மூன்று பேரை விட்டுவிட்டு எல்லாப் பந்தும் இரண்டு நண்பர்களுக்கே போனால் அந்தத் தாளே பேசும்.

அதைவிட முக்கியமானது, இளைய வீரர் ஒருவர் பந்தை நிறுத்தத் தவறும் தருணம். நம் வீரர் கையை விரித்து வானத்தைப் பார்க்கிறாரா, பந்தை மீட்க ஓடுகிறாரா என்று குறியுங்கள். பிறகு அந்த இளையவரைத் தொடர்ந்து பாருங்கள். அடுத்த முறை பந்து கேட்டு முன்னே வருகிறாரா, எதிராளிக்குப் பின்னால் ஒளிகிறாரா? ஒளிந்தால், எத்தனை கோல் அடித்தாலும் அந்த மூத்தவர் அணியின் ஒரு வீரரைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு சோதனை: பயிற்சிப் போட்டியில் அவரை ஒரு கால்பகுதி வெளியே வைத்து மற்ற இருவரின் முதல் பத்தியை எண்ணுங்கள், பிறகு அவரை இறக்கி எண்ணுங்கள். அவர் இருக்கும்போது மற்றவர்களின் எண்ணிக்கை கூடினால் அவர் வாய் திறக்காவிட்டாலும் தலைமை அங்கே இருக்கிறது. வெளியே இருந்த அந்த நேரத்தில் ஆட்டத்தைப் பார்த்தாரா, தண்ணீர்ப் போத்தலை மற்றவருக்கு நீட்டினாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருந்தாரா என்பதும் தாளில் ஏறட்டும்.

அணியிடமும் கேட்கலாம், ஆனால் "யார் கெப்டன்?" என்று கேட்காதீர்கள். அதற்கு நட்பும் பிரபலமும்தான் விடையாக வரும். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில், "1-0 முன்னிலை, கடைசி 5 நிமிடம், உன் பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? இரண்டு பெயர்" என்று கேளுங்கள்.

பேசுவது

தோற்ற அன்று வேண்டாம், எல்லார் முன்னாலும் வேண்டாம். இரண்டு நாள் கழித்துத் தாளோடு, பத்து நிமிடம் போதும். பேச்சு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்:

"நான் ரெண்டு கோல் அடிச்சேனே சேர்."

"அடிச்சது உண்மைதான் தம்பி. அது ஸ்கோர் புத்தகத்துல இருக்கு. இதுல பாரு, பந்து போன பிறகு 20 தடவையில 9 தடவதான் திரும்பி ஓடியிருக்க. மத்த ரெண்டு பேருக்கும் 13, 14. அந்த 11 தடவையும் என்ன நடந்துச்சு?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "மூச்சு வாங்குது", "எங்க ஓடணும்னு தெரியல", "எனக்குப் பந்தே தரமாட்டாங்க" என்று வரும் விடைகள் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மற்ற இருவரின் பெயர்களைச் சொல்லாதீர்கள். மாற்றச் சொல்வது இரண்டே பழக்கங்களாக இருக்கட்டும்: இழந்ததும் ஐந்து அடி, கோர்னரில் 31 மீற்றர். ஐந்தையும் ஒரே நேரத்தில் கேட்டால் ஒன்றும் நடக்காது.

முடிவெடுப்பது

ஹொக்கியில் மாற்று வீரர்களை எத்தனை முறையும் இறக்கி ஏற்றலாம். பெனால்டி கோர்னர் கொடுக்கப்பட்டு முடியும் வரை மட்டும் அது முடியாது. இந்த வசதியைப் பயன்படுத்துங்கள். "6 நிமிடம் முழு வேகம், பிறகு 3 நிமிடம் வெளியே" என்று சொல்லி அனுப்பினால் சேமித்து ஓடும் வீரருக்குச் சேமிக்கக் காரணம் இருக்காது. வெளியே எடுப்பது தண்டனை இல்லை என்பதை அணி முழுவதற்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கெப்டன் பட்டியை மருந்தாகக் கொடுப்பதை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம். விதிப்படி அணியின் நடத்தைக்கும் மாற்று வீரர்கள் சரியாக இறங்குவதற்கும் கெப்டன் பொறுப்பு. பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். நடுவரோடு வாதாடுபவரின் கையில் பட்டியைக் கட்டினால் அந்த விலையை மற்றப் பத்துப் பேரும் கட்டுவார்கள். கை நன்றாக இருந்தால் ஓடாமலே பதவி கிடைக்கும் என்றும் இளையவர்கள் கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பதிலாகச் சிறு பொறுப்புகளைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் உடல் சூடாக்கும் பயிற்சியை நடத்தட்டும். பெனால்டி கோர்னரில் எந்த முறை என்று அவரே சொல்லட்டும். தரம் 8, 9 பிள்ளைகள் இருவருக்குப் பந்தை நிறுத்தப் பழக்கட்டும். இவற்றைச் சொல்லாமலே தொடர்ந்து செய்பவரின் பெயர் துண்டுச் சீட்டிலும் வரத் தொடங்கினால் அப்போது பட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

பேசிய பிறகு இன்னும் நான்கு போட்டி எண்ணுங்கள். 9 என்பது 12 ஆனால் அதை அவரிடமே காட்டுங்கள், தொடக்க அணியில் வையுங்கள். உடலும் சாப்பாடும் சரியாக இருந்து, வேலையும் விளங்கி, எண்ணிக்கை அசையாவிட்டால் தொடக்க இடத்தைப் 13, 14 எடுத்தவர்களுக்குக் கொடுத்து இவரை ஒவ்வொரு கால்பகுதியிலும் 6 நிமிடம் இறக்குங்கள். முடிவைப் பட்டியல் ஒட்டும் முன் அவரிடம் நேரில் சொல்லுங்கள். தாள்களை எறியாமல் அணியின் கோப்பில் திகதியோடு வையுங்கள். இடமாற்றம் கிடைத்துப் போகும் ஆசிரியருக்குப் பின் வருபவர் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்கும் முதல் வார்த்தை ஊர்ப்பேச்சாக இருக்கக் கூடாது.